கறுத்துப் பிறக்கும் வெள்ளைக் குதிரை

பெரம்பலூர் மாவட்டத்து எறையூர்ப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களிடம் போய், கன்று பிறந்த நிறத்திலேயே இருக்காது என்று சொன்னால் யாரும் வியக்க மாட்டார்கள். காங்கேயம் கன்று செவலையாகப் பிறக்கும். ஆறு மாதத்துக்குள் சாம்பல் ஏறிவிடும். டெல்டாவின் உம்பளச்சேரிக் கன்றும் அப்படித்தான். செம்பழுப்பு உடம்பும் முகத்திலும் காலிலும் வெள்ளைத் திட்டுமாகப் பிறந்து, அரை வயதில் மயிலையாகிவிடும். காளையாக விட்டால் கழுத்தும் திமிலும் கறுக்கும். காயடித்து எருதாக்கினால் அந்தக் கருமை வராது. மாட்டின் நிறத்துக்கு வயதோடும் ஆண்மையோடும் தொடர்பு உண்டு என்பது வேப்பந்தட்டை வட்டாரத்து உழவர்களுக்குக் கைப்பாடம்.

குதிரை என்று வந்தால் அந்த அறிவு கைகொடுப்பதில்லை, ஏனென்றால் குதிரை நம் தொழுவத்தில் பிறப்பதில்லை. பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஊர் எல்லையில் அய்யனார் கோயில் சுதைக் குதிரைகள் நிற்கின்றன. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக் குதிரை வருகிறது. எப்போதாவது பந்தயத்துக்கு வண்டிக் குதிரை வருகிறது. எல்லாமே வளர்ந்து முடிந்த குதிரைகள். குட்டியாக இருந்தபோது அது எப்படி இருந்தது என்று பார்த்தவர்கள் குறைவு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து 3.4 லட்சம்தான். அதற்கு முந்தைய 2012 கணக்கைவிட 45 சதவீதத்துக்கும் மேல் குறைவு. குதிரைக்குட்டி ஒன்று வளர்வதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு நம் தலைமுறையிலேயே அருகி வருகிறது.

அதனால்தான் ஊர்வலத்தில் பால் வெள்ளையாக நடந்து வரும் குதிரை கருப்பாகவோ செம்பழுப்பாகவோ பிறந்திருக்கலாம் என்று சொன்னால் பலரும் நம்புவதில்லை. நாம் பார்க்கும் வெள்ளைக் குதிரைகளில் பல அப்படிப் பிறந்தவையே.

தாய் வயிற்றில் ஏறத்தாழ 11 மாதம் இருந்துவிட்டு வரும் குட்டி, ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும். இரண்டு மணி நேரத்துக்குள் மடியைத் தேடிப் பிடித்துவிடும். அப்போது அதன் மேல் இருப்பது குட்டிமயிர். மென்மையாக, சற்றே சுருண்டு, வளர்ந்த குதிரையின் பளபளப்பு இல்லாமல் இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் இது உதிரத் தொடங்கும். முதலில் கண்ணையும் மூக்கையும் சுற்றி உதிரும். பிறகு உடம்பெங்கும் திட்டுத்திட்டாகப் போகும். அந்த நாட்களில் குட்டியைப் பார்த்தால் சொறி பிடித்ததோ என்று பதற்றம் வரும். கையால் வருடினால் கொத்தாக மயிர் வரும். அதன் அடியில் வேறு நிறத்தில் புது மயிர் மின்னும். குதிரையின் உண்மையான நிறம் முதன்முதலாக வெளிப்படுவது அப்போதுதான்.

பிறந்தவுடன் தெரியும் நிறம் எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பதற்குச் சில உதாரணங்கள். செம்பழுப்பு உடம்பும் கறுத்த பிடரியும் கறுத்த கால்களும் கொண்ட குதிரைதான் உலகில் மிகப் பரவலானது. ஆனால் அதன் குட்டிக்குப் பிறக்கும்போது கால்கள் வெளிறிச் சந்தன நிறத்தில் இருக்கும். கால் வெள்ளை என்று நினைத்து வாங்கியவர், முதல் மயிர் உதிர்ந்ததும் முழங்காலுக்குக் கீழே கருமை இறங்குவதைப் பார்த்துத் திகைப்பார். நல்ல கருப்புக் குதிரையாகப் போகும் குட்டியோ பெரும்பாலும் எலியின் சாம்பல் நிறத்தில் பிறக்கும். மாறாக, பிறக்கும்போதே மை பூசியதுபோல் பளபளக்கும் குட்டியைப் பார்த்தால், அனுபவப்பட்டவர்களுக்கு உடனே ஒரு சந்தேகம் வரும்: இது ஒருநாள் வெளுக்கப் போகிற குட்டியோ?

இத்தனை நிறங்களுக்கும் மூலப்பொருள் இரண்டே இரண்டு நிறமிகள்தாம். ஒன்று கருப்பு தரும் யூமெலனின். மற்றொன்று சிவப்பும் மஞ்சளும் தரும் பியோமெலனின். எதை உருவாக்குவது என்று நிறமிச் செல்லுக்கு ஆணையிடும் ஏற்பி எம்சி1ஆர் என்ற மரபணுவில் இருந்து வருகிறது. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் இதன் பழுதுபட்ட பிரதி வந்துவிட்டால் கருப்பு நிறமி மயிரில் ஏறாது. குட்டி உடம்பெங்கும் செந்நிறமாக, செவலையாக நிற்கும். ஏற்பி நன்றாக இருந்தால் அடுத்தது ஏஎஸ்ஐபி என்ற மரபணுவின் முறை. கருப்பைப் பிடரி, வால், கால்கள் என்ற ஓரங்களுக்குள் அடக்கி வைப்பது அதன் வேலை. அது வேலை செய்தால் செம்பழுப்பு. செய்யாவிட்டால் முழுக் கருப்பு. இவற்றின் மேல் நிறத்தைக் கரைத்து வெளிறச் செய்யும் வேறு மரபணுக்கள் வந்து சேரும்போது பொன்னிறமும் பாலேட்டு நிறமும் கிடைக்கின்றன.

மனிதன் குதிரையைப் பழக்குவதற்கு முன்பு இத்தனை நிற வகைகள் இல்லை. பழைய எலும்புகளில் இருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்த ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஆதிக் குதிரைகள் செம்பழுப்பும் கருப்புமாகவே இருந்தன. மனிதன் கைக்கு வந்த பிறகுதான் நிறங்கள் மளமளவென்று பெருகின. காட்டில் வெள்ளைக் குட்டி எதிரியின் கண்ணுக்கு எளிதில் படும். மனிதன் காவலில் அந்தப் பயம் இல்லை. போதாததற்கு அவன் அரிய நிறத்தைத் தேடித் தேடி வளர்த்தான்.

வெளுக்கும் குட்டியின் கதைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

வெளுக்கப் போகும் குட்டியை அடையாளம் காண முகத்தருகே போக வேண்டும். பிறந்து சில வாரங்களில், கண்ணிமையைச் சுற்றிக் கருமையான மயிருக்கு இடையே ஒன்றிரண்டாக வெள்ளை மயிர் தலைகாட்டும். மயிர் உதிரும் காலத்தில் அவை சேர்ந்து, கண்ணுக்கு மூக்குக்கண்ணாடி மாட்டியதுபோல் வளையமாகும். பிறகு முகம், பிறகு கழுத்து. மூன்று நான்கு வயதில் உடம்பெங்கும் சாம்பல் வட்டங்கள் தோன்றும். அந்தப் பருவத்துக் குதிரையின் அழகுக்கு இணையில்லை. ஆறு முதல் பத்து வயதுக்குள் வட்டங்களும் கரைந்து முழு வெள்ளையாகிவிடும். வியன்னாவின் ஸ்பானிய சவாரிப் பள்ளியில் வெள்ளை வெளேரென்று அணிவகுக்கும் லிப்பிசானர் குதிரைகள் அத்தனையும் இப்படிக் கறுத்துப் பிறந்து வெளுத்தவை. எப்போதாவது வெளுக்காமல் நின்றுவிடும் ஒரு பழுப்புக் குதிரையை ராசி என்று அந்தப் பள்ளி கூடவே வைத்துக்கொள்கிறது.

மயிர் வெளுத்தாலும் அடியில் தோல் கருப்பாகவே இருக்கும். மூக்கு நுனி, கண்ணோரம், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் அது தெரியும். குதிரையைக் குளிப்பாட்டி நனைந்திருக்கும்போது பார்த்தால் உடம்பே நீலம் பாரித்ததுபோல் தோன்றும். வட இந்தியாவில் இருந்து வரும் நுக்ரா வேறு கதை. அது இளஞ்சிவப்புத் தோலோடு, பிறக்கும்போதே வெள்ளை. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டி நடக்கும் குதிரைச் சந்தையில் இரண்டையும் ஒரே வரிசையில் பார்க்கலாம். தூரத்தில் இருந்து வேறுபாடு தெரியாது. மூக்கருகே போனால் ஒன்று கருப்பு, ஒன்று ரோஜா.

வெளுப்பதற்குக் காரணமான மரபணுவை 2008-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெய்ஃப் ஆண்டர்சன் குழு கண்டுபிடித்தது. சின்டாக்சின் 17 என்ற மரபணுவுக்குள் 4,600 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு இரட்டித்து நிற்கிறது. எப்போதோ ஒரு குதிரையிடம் நிகழ்ந்த இந்தப் பிழைதான், உலகில் இப்படி வெளுக்கும் குதிரைகள் அத்தனைக்கும் பொது. அரபுக் குதிரையானாலும் லிப்பிசானரானாலும் அந்த ஒரு முன்னோரின் வாரிசே. இந்தத் துண்டு நிறமிச் செல்களை அளவுக்கு மீறி முடுக்கிவிடுகிறது. அதனால் குட்டி முதலில் கூடுதல் கருமையோடு பிறக்கிறது. மயிர்க்காலில் சேமிப்பாக இருக்க வேண்டிய நிறமிச் செல்களும் சீக்கிரம் வேலைக்கு வந்து தீர்ந்துபோகின்றன. அதன்பின் முளைக்கும் மயிருக்கு நிறம் கொடுக்க ஆளில்லை. தோலில் உள்ள செல்கள் தீர்வதில்லை, அதனால் தோல் கருப்பாகவே நிற்கிறது.

சில குதிரைகள் ஐந்தாறு வருடத்தில் வெளுத்துவிட, சில மட்டும் பதினைந்து வயதிலும் சாம்பல் மிச்சத்தோடு நிற்பது ஏன் என்ற கேள்விக்கு 2024-இல்தான் தெளிவு வந்தது. அந்தத் துண்டு இரண்டு பிரதியாக இருந்தால் வெளுப்பது மெதுவாக நடக்கும். மூன்று பிரதியாக இருந்தால் வேகமாக நடக்கும். வேகமாக வெளுப்பதற்கு விலை உண்டு. அப்படிப்பட்ட குதிரைகளுக்கு நிறமிச் செல்களில் கட்டி வரும் வாய்ப்பு அதிகம். பதினைந்து வயதைத் தாண்டிய வெளுத்த குதிரைகளில் 70 முதல் 80 சதவீதத்துக்கு இத்தகைய கட்டி காணப்படுகிறது. பெரும்பாலும் வாலின் அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் கருப்பு உருண்டைகளாக வரும். ஆரம்பத்தில் தீங்கு செய்யாது; வளரவிட்டால் சாணம் போடவே தடையாகும், உள்ளுறுப்புக்கும் பரவும். ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரை வைத்துப் பிழைப்பவர்கள் மாதம் ஒருமுறை வாலைத் தூக்கிப் பார்ப்பதும், பட்டாணி அளவில் இருக்கும்போதே கால்நடை மருத்துவரிடம் காட்டுவதும் அந்தக் குதிரைக்குச் செய்யும் பெரிய நன்மை.

வெளுப்பு மரபணுவில் ஒரு வசதியும் இருக்கிறது. அது ஒளிந்துகொண்டு வராது. தாய், தகப்பன் இரண்டில் ஒன்றாவது வெளுக்கும் குதிரையாக இருந்தால்தான் குட்டி வெளுக்கும். இரண்டுமே நிறம் மாறாதவை என்றால், ‘இந்தக் குட்டி வளர்ந்தால் வெள்ளையாகுமுங்க’ என்று யார் சத்தியம் செய்தாலும் ஆகாது.

நிறம் இப்படி மாறிக்கொண்டிருக்க, உடம்பில் மாறாத இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று நெற்றியிலும் காலிலும் உள்ள வெள்ளைக் குறி. மற்றொன்று சுழி.

வெள்ளைக் குறி வருவது கருவில் நடக்கும் பயணத்தால். நிறமிச் செல்கள் கருவின் முதுகுப்புறத்தில், நரம்பு மண்டலம் உருவாகும் இடத்தருகே தோன்றி, அங்கிருந்து உடம்பெங்கும் நகர்ந்து போகின்றன. நெற்றியும் குளம்படியும் அந்தப் பயணத்தின் கடைசி ஊர்கள். அங்கே செல்கள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வெள்ளையாக நின்றுவிடும். நாலு காலும் முகமும் வெண்மையாக வாய்த்த குதிரையைப் பஞ்சகல்யாணி என்று கொண்டாடி, கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். அது ஐந்து இடங்களிலும் நிறமிச் செல் போய்ச் சேராத குதிரை. குட்டிக்குக் குட்டி இந்தப் பயணம் வேறுபடும் என்பதற்கு நகலாக்கக் குதிரைகளே சாட்சி. 2003-இல் இத்தாலியில் பிறந்த பிரோமெத்தியாவுக்குப் பிறகு பல குதிரைகள் நகலெடுக்கப்பட்டன. ஒரே மரபணுத் தொகுதி, ஒரே நிறம். ஆனால் நெற்றிப் பொட்டும் கால் வெள்ளையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. மரபணு வழி சொல்கிறது. ஒவ்வொரு அடியையும் அது எழுதி வைப்பதில்லை.

சுழிக்குத்தான் நம் ஊரில் மதிப்பு அதிகம். அந்தியூரிலும் சரி, மாட்டுச் சந்தைகளிலும் சரி, ‘சுழி சுத்தமா இருக்குதுங்களா?’ என்ற கேள்வி இல்லாமல் வியாபாரம் நகராது. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் நகுலன் பெயரால் வழங்கும் அசுவசாஸ்திரத்தை 1952-இல் பதிப்பித்திருக்கிறது. குதிரையின் அங்க லட்சணங்களில் சுழிக்கு அந்த மரபு தரும் இடம் பெரிது. இன்ன இடத்தில் சுழி இருந்தால் உடையவனுக்கு நன்மை, இன்ன இடத்தில் இருந்தால் கேடு என்று பலன் சொல்வதை அறிவியல் ஏற்காது. எசமானனின் ஆயுளைக் குதிரையின் தோள்மயிர் எப்படித் தீர்மானிக்கும்? இந்தப் பலன்களால் நல்ல குதிரைகள் அடிமாட்டு விலைக்குப் போவதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

ஆனாலும் சுழியை முழுக்க ஒதுக்கிவிட முடியாதபடி ஒரு சங்கதி இருக்கிறது. அமெரிக்காவின் விலங்கு நடத்தை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டின் 1995-இல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளின் நெற்றிச் சுழியைக் குறித்துக்கொண்டு, அசையவிடாமல் பிடித்து நிறுத்தும்போது அவை நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தார். கண்மட்டத்துக்கு மேலே சுழி உள்ள மாடுகள் கூடுதலாகத் துள்ளின. 2007-இல் போலந்து ஆய்வாளர்கள் கோனிக் இனக் குதிரைகளைப் பார்த்தபோது, நெற்றியில் உயரத்தில் ஒற்றைச் சுழி உள்ளவை கையாளச் சற்றே கடினமாக இருந்தன. கருவில் தோலும் மூளையும் ஒரே படலத்தில் இருந்து, ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவாவதால் இப்படி ஒரு இழை இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். இது கூட்டத்தில் தெரியும் ஒரு சாய்வு மட்டுமே. உங்கள் முன்னால் நிற்கும் ஒற்றைக் குட்டி முரடா சாதுவா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பந்தயக் குதிரைகளின் அடையாளச் சீட்டில் சுழி இருக்கும் இடத்தைக் குறித்து வைப்பது உலக வழக்கம். நிறம் மாறினாலும் சுழி இடம் மாறாது என்பதே அதற்குக் காரணம்.

நிறத்துக்கும் குணத்துக்கும் முடிச்சுப் போடும் வழக்கமும் நமக்கு மட்டும் உரியதில்லை. செவலைக் குதிரைக்குக் கோபம் அதிகம் என்பது ஐரோப்பாவிலும் நம்பிக்கை. 2016-இல் வெளியான சிட்னி பல்கலைக்கழக ஆய்வு ஒன்று குதிரை வைத்திருப்பவர்களிடம் விவரம் திரட்டி இதைச் சோதித்தது. செவலைகள் முரண்டு பிடிப்பதாகத் தெரியவில்லை. புதிய பொருளையோ விலங்கையோ கண்டால் செம்பழுப்புக் குதிரையைவிடச் செவலை முன்னால் போய்ப் பார்க்கத் துணிகிறது என்று மட்டும் தெரிந்தது. ஐஸ்லாந்துக் குதிரைகளில் பிடரியை வெள்ளியாக்கும் மரபணு உள்ளவை புதிய சூழலில் சற்று எச்சரிக்கையாக இருக்கின்றன என்று 2013-இல் ஓர் ஆய்வு சொன்னது. இவையெல்லாம் மெல்லிய தொடர்புகள். நிறத்தைப் பார்த்துக் குணத்தை விலை பேசுபவர் பணத்தை இழப்பார். குதிரையும் அவரிடம் தவறான பெயரை வாங்கிக்கொண்டு நிற்கும்.

அப்படியென்றால் குணம் எங்கிருந்து வருகிறது? கொஞ்சம் பிறப்பில் இருந்து என்பது உண்மை. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை வாங்கும் டி4 ஏற்பிக்கான மரபணுவின் ஒரு வடிவத்துக்கும் ஆர்வத்துக்கும் தொடர்பு இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-இல் பந்தயக் குதிரைகளிடம் கண்டார்கள். பிரான்சில் லெயா லான்சாட் குழுவினர் குட்டிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். தீவனம் தின்றுகொண்டிருக்கும் குட்டியின் முன்னால் கருப்புக் குடை ஒன்றைப் படக்கென்று விரிப்பது அவர்களுடைய சோதனைகளில் ஒன்று. குட்டி எவ்வளவு தூரம் ஓடுகிறது, திரும்பி வந்து தீவனத்தில் வாய் வைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பார்கள். எட்டு மாத வயதில் அதிகம் மிரண்ட குட்டிகளே ஒன்றரை வயதிலும் இரண்டரை வயதிலும் அதிகம் மிரண்டன. கூட்டத்தைப் பிரிந்து இருக்க முடியாத தவிப்பு, தொட்டால் சிலிர்க்கும் தோல், மனிதரைக் கண்டால் நெருங்குவதா விலகுவதா என்ற மனநிலை ஆகியவையும் அப்படியே நிலைத்தன. குட்டிமயிர் உதிர்ந்து நிறம் ஒருவாறு புலப்படும் பருவத்தை அடுத்து, எட்டு மாதத்தில் குணமும் படிக்கும்படி வந்துவிடுகிறது.

எட்டு மாதத்துக்குள் குணம் இறுகிவிடுகிறது என்றால், அதற்கு முந்தைய நாட்களில் நாம் செய்வதும் செய்யாமல் விடுவதும் பெரிதாகக் கணக்கில் வரும். அந்த நாட்களில் குட்டியின் ஆசிரியர் தாய்தான். வளர்ந்த குதிரை ஏதாவது நெருங்கினால் குட்டி கழுத்தை நீட்டி, உதட்டை மேலே இழுத்து, பல்லைக் கடகடவென்று அடிப்பதைப் பார்த்திருக்கலாம். கடிக்க வருகிறது என்று தோன்றும். ‘நான் சின்னவன், என்னை ஒன்றும் செய்யாதே’ என்பது அதன் பொருள். இரண்டு வயதுக்குள் அந்தப் பழக்கம் தானாக மறையும். எங்கே பணிய வேண்டும், எப்போது விளையாடலாம், எதற்கு ஓட வேண்டும் என்பதையெல்லாம் குட்டி தாயின் காதசைவைப் பார்த்தே கற்கிறது.

பிரான்சின் ரென் பல்கலைக்கழகத்தில் மார்த்தின் ஒஸ்பெர்ஜே, செவெரின் ஆன்ரி ஆகியோர் செய்த சோதனை இந்த விஷயத்தில் என்னை மிகவும் கவர்ந்தது. குட்டி பிறந்த முதல் ஐந்து நாட்களில், நாளுக்குக் கால்மணி நேரம், தாய்க்குதிரையை மெல்லத் தேய்த்துக் கொடுத்தார்கள். குட்டியைத் தொடவே இல்லை. குட்டி பக்கத்தில் நின்று பார்த்தது, அவ்வளவுதான். அந்தக் குட்டிகள் மற்றவற்றைவிட மனிதரிடம் தாமாக நெருங்கி வந்தன. ஒரு வயதிலும் அந்த நம்பிக்கை நீடித்தது. முதுகில் சேணத்துணியைப் போட்டபோது சீக்கிரம் ஒப்புக்கொண்டன. ஐந்து நாளும் சேர்த்து ஒன்றேகால் மணி நேர வேலை!

இதற்கு நேர்மாறான சோதனையையும் அதே குழுவினர் செய்தார்கள். பிறந்தவுடன் குட்டியைப் பிடித்து அழுத்தி, உடம்பெங்கும் தடவிப் பழக்கினால் காலமெல்லாம் அடங்கி இருக்கும் என்ற முறை அமெரிக்காவில் புகழ்பெற்றிருந்தது. முதல் ஒரு மணி நேரம் அப்படிக் கையாண்ட குட்டிகளை அவர்கள் தொடர்ந்து பார்த்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் குட்டிகள் தாயைவிட்டு நகரத் தயங்கின. கூட்டாளிகளோடு குறைவாகவே விளையாடின. வளர்ந்தபின் மற்றக் குதிரைகளோடு பழகுவதிலும் பின்தங்கின. குட்டி மடியைத் தேடும் முதல் மணி நேரம் தாய்க்கும் குட்டிக்கும் சொந்தம். ஆசையாக இருந்தாலும் நாம் தள்ளி நிற்க வேண்டும்.

பிறப்பையும் வளர்ப்பையும் பிரித்துப் பார்க்க இப்போது இந்தியாவிலேயே வழி பிறந்திருக்கிறது. ராஜஸ்தானில் பிகானேரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் வளாகத்தில், 2023 மே 19 அன்று, கருமாற்று முறையில் நாட்டின் முதல் மார்வாரிக் குட்டி பிறந்தது. 23 கிலோ எடையில் பிறந்த பெட்டைக்குட்டிக்கு ராஜ்-பிரதமா என்று பெயர் வைத்தார்கள். கரு ஒரு தாயுடையது. சுமந்து ஈன்றது வேறொரு வாடகைத் தாய். நிறமும் உள்நோக்கி வளைந்த மார்வாரிக் காதும் மரபணுப் பெற்றோரிடமிருந்து வரும். பாலும் முதல் பாடமும் வாடகைத் தாயிடமிருந்து. இம்முறையில் பிறக்கும் குட்டிகள் பெருகும்போது, வாடகைத் தாயின் சுபாவத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

குட்டியின் குணத்தைக் கெடுக்கும் பெரிய நிகழ்ச்சி, பால் மறக்கடிப்பதற்காகத் தாயிடமிருந்து சட்டென்று பிரிப்பது. பண்ணைகளில் நான்கு முதல் ஆறு மாதத்தில் இதைச் செய்கிறார்கள். இங்கிலாந்தில் 225 குட்டிகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. பத்தில் ஒரு குட்டிக்கு, கட்டையைக் கவ்விக் காற்றை விழுங்கும் பழக்கம் தொற்றியது. அது தொடங்கிய இடைநிலை வயது 20 வாரம், அதாவது பிரிக்கும் பருவம். பிரித்தபின் கொட்டிலில் அடைத்துத் தானியத் தீவனம் கொடுத்தவற்றிடம் அது கூடுதலாக இருந்தது. ஒருமுறை பிடித்தால் வாழ்நாள் முழுக்க விடாத பழக்கம் இது. கொட்டிலில் கட்டிக் கொள்ளு வைப்பதே நல்ல கவனிப்பு என்று நினைக்கும் நம் ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குட்டிக்கு வேண்டியது புல்வெளியும் கூட்டாளியும்.

யாரும் பிரிக்காவிட்டால் குட்டி எப்படி வளரும் என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் கோடியக்கரைக்குப் போகலாம். 1967-இல் அறிவிக்கப்பட்ட அந்தச் சரணாலயத்தின் புல்வெளியில் வெளிமான்களோடு மட்டக்குதிரைகள் காட்டுத்தனமாகத் திரிகின்றன. கடலுக்கு அப்பால் இலங்கையின் நெடுந்தீவிலும் போர்த்துகீசியர், டச்சுக்காரர் காலத்துக் குதிரைகளின் வாரிசுகள் அப்படியே வாழ்கின்றன. இத்தகைய கூட்டங்களில் ஆண் ஒன்று, பெட்டைகள் சில, அவற்றின் குட்டிகள் என்று குடும்பமாக இருக்கும். தாய்க்கு அடுத்த பிரசவம் நெருங்கும்போது அதுவே பாலை நிறுத்தும். குட்டி அழுது ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. தாயின் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கும். இரண்டு மூன்று வயதில் தானாகக் கூட்டத்தைவிட்டு வேறு துணை தேடிப் போகும். உப்புக்காற்றில், மழை பொய்த்தால் காய்ந்துபோகும் புல்லில் வாழும் இவற்றின் பாடு எளிதானதில்லை. ஆயினும் குட்டி குதிரையாகும் வரிசையை அறுக்காமல் காட்டும் இடம் நம் கரையில் கோடியக்கரைதான்.

அந்தியூரிலோ வேறு சந்தையிலோ குட்டி பார்க்கப் போகிறவர்கள் தாயையும் கூட்டிவரச் சொல்லிப் பாருங்கள். தாய் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு நின்றால் ஏன் என்று கேளுங்கள். குட்டியின் கண்ணோர மயிரை விலக்கிப் பாருங்கள், மூக்கின் தோலைப் பாருங்கள். அது உங்களிடம் தானாக வந்து மோப்பம் பிடிக்கிறதா என்று கொஞ்ச நேரம் கைகட்டி நின்று பாருங்கள். பிறகு வாங்கியதும் வண்டியில் பூட்ட அவசரப்படாதீர்கள். பந்தயத்தில் ‘புதுக் குதிரை’ என்று ஓடவிடுபவற்றில் பல, வயது முதிராதவை. குதிரையின் முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள எலும்பின் வளர்ச்சித் தட்டு மூட இரண்டு முதல் இரண்டரை வயதாகும்; முதுகெலும்பின் தட்டுகள் மூட ஐந்தாறு வயதாகும். அதற்கு முன் பாரம் ஏற்றினால் முட்டி வீங்கும், முதுகு வலிக்கும். வலியால் உதைக்கும் குதிரைக்கு முரடு என்று பெயர் வைத்துச் சவுக்கை எடுப்பார்கள். உடம்பில் சாம்பல் வட்டங்கள் இன்னும் கரையாத நான்கு வயதுக் குதிரை, எலும்பளவில் இன்னும் குட்டிதான்.